இரக்கமும் யுத்தமும்: திருமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தவக்காலத்தில் எங்கள் அன்பியக் கூட்டங்களில் (பங்கின் அயல்வீட்டுக் குழுக்களில்) எதை எடுத்துப் பேசினாலும் கடைசியில் கதை யுத்தத்தில்தான் போய் நிற்கும். திருகோணமலையில் அது ஆச்சரியமில்லை. ஒரே வாங்கில் இருப்பவர்களில் ஒருவர் இன்னமும் மகனைத் தேடுகிறார். பக்கத்தில் இருப்பவர் மூதூரில் இருந்து செல்லடிக்குள் ஓடி வந்தவர். அவருக்கு அடுத்தவர் புலிகள் இயக்கத்தில் இருந்து, புனர்வாழ்வு முடித்து வந்தவர்.

நான் பங்கில் மறைக்கல்வி எடுப்பவன், குருவானவர் அல்ல. திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே வைத்திருக்கிறேன். பதில்கள் கத்தோலிக்க நிலையில் நின்று எழுதியவை. மெதடிஸ்த, அங்கிலிக்கன் நண்பர்களும் இவற்றில் பலதை ஒத்துக்கொள்வார்கள்.

கிறிஸ்தவம் யுத்தத்தைச் சரி எண்டு சொல்லுதா, பிழை எண்டு சொல்லுதா?

யுத்தம் தீமை என்பதில் கிறிஸ்தவர்களுக்குள் இரண்டு கருத்து இல்லை. அதைவிடப் பெரிய தீமையைத் தடுக்க ஆயுதம் எடுக்கலாமா என்ற கேள்வியில்தான் பிரிவு வருகிறது. குவேக்கர், மெனோனைட் என்ற சபைகளைச் சேர்ந்தவர்கள் ஒருபோதும் கூடாது என்பார்கள். கத்தோலிக்கரும் அங்கிலிக்கரும் லூத்தரன் சபையினரும், மிக இறுக்கமான நிபந்தனைகளோடு சில வேளை எடுக்கலாம் என்பார்கள்.

எதிரியாகிவிட்டான் என்பதற்காக ஒருவன் மனிதன் இல்லாமல் போவதில்லை. இதில் எல்லாரும் ஒன்று. கீழே வரும் பதில்கள் எல்லாம் இதில் இருந்துதான் வருகின்றன.

"மறு கன்னத்தைக் காட்டு" எண்டு இயேசு சொன்னவர்தானே. அப்ப ஒரு கிறிஸ்தவன் ஆமியில, பொலிஸில சேரவே கூடாதா?

சேரக் கூடாது என்று நற்செய்தியில் நேரடியாக எங்கும் இல்லை. தன்னிடம் வந்த படைவீரரைப் பார்த்துத் திருமுழுக்கு யோவான் வேலையை விடச் சொல்லவில்லை. மிரட்டிக் காசு பறிக்காதீர்கள், சம்பளத்தோடு திருப்தியாய் இருங்கள் என்றார் (லூக்கா 3:14). நூற்றுவர் தலைவர் ஒருவரின் நம்பிக்கையை இயேசுவே வியந்து பாராட்டினார். அதே நேரம், ஆண்டவர் பேதுருவின் வாளை வாங்கியபோது எல்லாப் படைவீரரின் ஆயுதத்தையும் களைந்துவிட்டார் என்று ஆதிச் சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் எழுதினார். 295ஆம் ஆண்டு வட ஆபிரிக்காவில் மாக்சிமிலியன் என்ற இளைஞர், தான் கிறிஸ்தவன் என்ற ஒரே காரணத்தைச் சொல்லி உரோமைப் படையில் சேர மறுத்துத் தலை கொடுத்தார். அப்போதே அந்தப் படைக்குள் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். ஆகவே இந்த வாக்குவாதம் எங்களோடு தொடங்கியது அல்ல.

கெத்சமனித் தோட்டத்தில் நடந்ததை மட்டும் நிதானமாக வாசித்துப் பாருங்கள். இயேசுவைப் பிடிக்க ஆட்கள் வருகிறார்கள். பேதுரு வாளை உருவித் தலைமைக் குருவின் பணியாளனுடைய காதை வெட்டுகிறார். அவன் பெயர் மால்கு என்று யோவான் எழுதியிருக்கிறார். இயேசு அந்தக் காதைத் தொட்டுக் குணமாக்கினார் என்பது லூக்காவில் மட்டும் இருக்கிறது. காயப்பட்டவன் பிடிக்க வந்த கூட்டத்தின் ஆள், காயப்படுத்தியவர் சொந்தச் சீடர். கைதாவதற்கு முன் இயேசு செய்த கடைசி அற்புதம் எதிரியின் உடம்பில் நடந்தது. சீருடை போடுகிற கிறிஸ்தவன் இதை மனதில் வைத்துக்கொண்டுதான் போட வேண்டும்.

பழைய ஏற்பாட்டில கடவுளே குஞ்சு குருமன் எல்லாத்தையும் கொல்லச் சொல்லுறாரே, சேர். அதுக்கு என்ன சொல்லுறீங்கள்?

இஸ்ரயேல் அரசன் சவுலுக்கும் அமலேக்கியர் என்ற இனத்தாருக்கும் நடந்த கதையைத்தான் பெரும்பாலும் கேட்பார்கள். இதைச் சமாளித்துவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. கடினமான பகுதி அது. தங்கள் காலத்துப் போர் வழக்கத்தின் கண்ணாடியால் ஒரு மக்கள் கடவுளைப் பார்த்ததை அதில் காண்கிறோம் என்றும், கிறிஸ்துவில் வெளிப்பட்டதை வைத்தே அதை வாசிக்க வேண்டும் என்றும் சபை சொல்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு இன்று ஒருவரைக் கொல்ல எந்தக் கத்தோலிக்கனுக்கும் அனுமதி இல்லை.

அதே பழைய ஏற்பாட்டில் 2 அரசர்கள் 6ஆம் அதிகாரமும் இருக்கிறது. சிரியப் படை ஒன்று சமாரியாவுக்குள் அகப்பட்டுவிடுகிறது. "வெட்டட்டுமா?" என்று அரசன் எலிசாவிடம் கேட்கிறான். வேண்டாம், சாப்பாடும் தண்ணீரும் கொடுத்து அனுப்பு என்கிறார் எலிசா. பெரிய விருந்தே வைத்து அனுப்புகிறார்கள். இணைச்சட்டம் 20ஆம் அதிகாரம், நகரத்தை முற்றுகையிட்டாலும் கனி தரும் மரத்தை வெட்டாதே என்கிறது. பங்கருக்குக் குற்றி போடப் பனை பனையாகத் தறித்த நாட்டில் இருந்துகொண்டு இதை வாசிக்க எனக்கு நெஞ்சு வலிக்கும்.

"நியாயமான யுத்தம்" எண்டு சபை சொல்லுறது என்ன?

5ஆம் நூற்றாண்டில் புனித அகுஸ்தினார் தொடங்கி வைத்தார். 13ஆம் நூற்றாண்டில் தோமா அக்குவினாஸ் அதை மூன்றாகச் சுருக்கினார்: உரிய அதிகாரம் உள்ளவர் தொடுக்க வேண்டும், நியாயமான காரணம் இருக்க வேண்டும், நோக்கம் நேர்மையாக இருக்க வேண்டும். சபையின் போதனைத் தொகுப்பான இன்றைய மறைக்கல்வி ஏடு (எண் 2309) இன்னும் இறுக்கிப் பிடிக்கிறது. எதிரி செய்யும் கேடு நீடித்ததாகவும் பாரியதாகவும் ஐயத்துக்கு இடமில்லாததாகவும் இருக்க வேண்டும். வேறு வழி எல்லாம் பயனற்றுப் போயிருக்க வேண்டும். வெற்றிக்கு உண்மையான வாய்ப்பு இருக்க வேண்டும். ஆயுதம் கொண்டுவரும் அழிவு, தடுக்கப் போகும் தீமையைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. நான்கும் சேர்ந்து இருக்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் சரிவராது.

போரைத் தொடங்குவதற்கான நிபந்தனைகள் இவை. நடத்துவதற்குத் தனி நிபந்தனைகள் உண்டு, கூட்டங்களில் பலரும் கவனிக்காமல் விடுவது அதைத்தான். காரணம் நூற்றுக்கு நூறு நியாயமாக இருந்தாலும் பொதுமக்களையும் காயப்பட்டவரையும் கைதிகளையும் தொடக் கூடாது (எண் 2313). முழு நகரங்களை அங்குள்ள மக்களோடு சேர்த்து அழிப்பது கடவுளுக்கும் மனிதருக்கும் எதிரான குற்றம் என்று, ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் கண்டித்தது. போர் என்பது இனி ஒரு தீர்வே அல்ல என்ற அளவுக்கு 2020இல் பாப்பரசர் பிரான்சிஸ் எழுதினார்.

அப்படிப் பார்த்தா எங்கட யுத்தம் நியாயமான யுத்தமா?

இதைக் கேட்டவுடன் கூட்டத்தில் கதிரைகள் அசையும். என் பதில் இது: தமிழருக்கு உண்மையான குறை இருந்தது. சிங்களம் மட்டும் என்ற 1956 மொழிச் சட்டமும் 1958, 1977, 1983 கலவரங்களும் கற்பனை இல்லை. ஆனால் காரணம் இருந்ததால் செய்தது எல்லாம் சரியாகிவிடாது. பயங்கரவாதத்தை ஒழிக்கிறோம் என்று அரசாங்கம் சொன்னதும் அதேபோல எதையும் மூடி மறைக்காது.

மேலே சொன்ன "நடத்தும் நிபந்தனை"யில் இரண்டு தரப்புமே விழுந்துவிட்டன. 1995 ஜூலை 9 அன்று நவாலி புனித பேதுரு ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள்மேல் விமானப்படை குண்டு போட்டது. 1996 பெப்ரவரி 11 அன்று எங்கள் மாவட்டத்துக் குமாரபுரத்தில் ஆமி சுட்டதில் குழந்தைகள் உட்பட 24 பேர் செத்தார்கள். 1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்கள் நூற்றுக்கு மேற்பட்டோரைப் புலிகள் கொன்றார்கள். பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகளைப் படைக்கு இழுத்தார்கள். தமிழராகிய நாங்கள் முதல் இரண்டையும் சத்தமாகச் சொல்லி, பின் இரண்டையும் மெல்ல விழுங்கிவிடுகிறோம். சிங்கள ஆலயங்களில் இது மறுவளமாக நடக்கிறது. இயேசுவின் சீடருக்கு நான்கும் ஒரே குரலில் வர வேண்டும்.

சுடுபடுற நேரத்தில என்ன இரக்கம்? இது பூசைப் பிரசங்கத்துக்குச் சரி, சண்டைக்கு ஏலுமா?

ஏலும். எங்கள் கடலிலேயே நடந்திருக்கிறது. 1942 ஏப்ரல் 9 காலையில் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடாவையும் தாக்கின. எண்ணெய்க் குதம் ஒன்று நாள்கணக்கில் எரிந்தது. முதல் நாள் இரவே துறைமுகத்தை விட்டு வெளியேறியிருந்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மஸ், மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. அதில் 307 பேர் இறந்தார்கள். கூடப் போன அவுஸ்திரேலியப் போர்க்கப்பல் வம்பயரும் மூழ்கியது.

அந்தப் பக்கம் வீட்டா என்ற மருத்துவக் கப்பல் ஒன்று இருந்தது. வெள்ளைச் சாயமும் சிவப்புச் சிலுவையும் போட்ட கப்பலைத் தாக்கக் கூடாது என்று 1907இல் ஹேக் நகரில் உடன்படிக்கை செய்திருந்தார்கள். ஹேர்மஸைத் தாழ்த்திய விமானங்கள் வீட்டாவை விட்டுவிட்டன. எண்ணெய் படிந்த தண்ணீரில் தத்தளித்த சுமார் 590 பேரை அந்தக் கப்பல் ஏற்றிக்கொண்டது. ஒரு மணித்தியாலத்துக்கு முன் கொல்லலாம் என்று இருந்தவர்கள், தண்ணீரில் விழுந்து ஆயுதம் இல்லாமல் போனதும் கொல்லக் கூடாதவர்கள் ஆனார்கள். போருக்குள் இரக்கம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. எதிர்ப்பவனிடம் பலத்தைக் காட்டலாம், தோற்றவனுக்கும் பிடிபட்டவனுக்கும் இரக்கம் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறாய் என்று அகுஸ்தினார் போனிஃபாஸ் என்ற தளபதிக்கு எழுதியது இதைத்தான்.

1943 மே மாதத்தில் அதே ஜப்பானியக் கடற்படையின் நீர்மூழ்கி ஒன்று அவுஸ்திரேலியக் கரையில் சென்டோர் என்ற மருத்துவக் கப்பலைத் தாழ்த்தியது. 268 பேர் செத்தார்கள். எழுதி வைத்த சட்டம் ஒரு நாள் காப்பாற்றும், இன்னொரு நாள் கைவிடும். அதனால்தான் போருக்கு முன்னமே மனச்சாட்சியைப் பழக்க வேண்டும் என்று நான் பிள்ளைகளிடம் வலியுறுத்துகிறேன்.

இதெல்லாம் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உள்ளதா? நான் சைவம், சும்மா கேக்கிறன்.

இல்லை. ஆவும் பெண்டிரும் பிணியுடையோரும் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள், அம்பு விடப் போகிறோம் என்று அறிவித்துவிட்டுப் போர் தொடுக்கும் அறத்தைப் புறநானூற்று 9ஆம் பாடல் பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதியிடம் கண்டு பாடுகிறது. தீங்கு செய்தவன் நாணும்படி நன்மை செய்துவிடு என்ற குறளுக்குப் பக்கத்தில், எதிரி பசித்திருந்தால் உணவு கொடு என்ற உரோமையர் 12ஐ வைத்துப் பாருங்கள். எங்கள் மறைக்கல்வி வகுப்பில் இரண்டையும் சேர்த்தே படிப்பிக்கிறோம்.

மேலிடத்துக் கட்டளை எண்டு செய்தவனுக்குப் பாவமா, கட்டளை போட்டவனுக்கா?

இருவருக்கும். கட்டளை என்பது பொறுப்பைக் குறைக்கலாம், இல்லாமல் ஆக்காது. இப்படியான கட்டளைகளே குற்றம், கண்ணை மூடிக்கொண்டு கீழ்ப்படிந்தேன் என்பது சாக்கு ஆகாது என்கிறது வத்திக்கான் சங்கம். ஹிட்லரின் படையில் போராட மறுத்த ஒஸ்திரிய விவசாயி பிரான்ஸ் யேகர்ஸ்டேட்டர் 1943 ஆகஸ்ட் 9 அன்று தலை வெட்டப்பட்டார். உனக்கு மனைவி, மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள், யோசி என்று அவருக்குத் தெரிந்த குருக்களே சொன்னார்கள். 2007இல் சபை அவரை அருளாளராக அறிவித்தது.

கட்டளை போட்டவருக்கு வருவோம். 390இல் தெசலோனிக்காவில் மக்களைக் கொன்று குவிக்கச் செய்த பேரரசர் தெயோதோசியுவுக்கு, வெளிப்படையாகத் தவம் செய்யும்வரை நற்கருணை தர முடியாது என்றார் ஆயர் அம்புரோசியார். பேரரசர் தவம் செய்தார். பிடித்துக்கொண்டு போய்த் துவக்கைக் கையில் கொடுத்த பதினாலு வயதுப் பிள்ளையை இந்த இருவரோடும் ஒரே தராசில் வைக்காதீர்கள். அந்தப் பிள்ளைக்கு முதலில் அநீதி நடந்தது.

இயக்கத்தில செத்த பிள்ளைக்குப் பூசை ஒப்புக்குடுக்கலாமோ? ஆமிக்காரனுக்கு?

இரண்டு பேருக்கும் ஒப்புக்கொடுக்கலாம். இறந்தவருக்காக மன்றாடுவது அவர் செய்ததற்கு ஒப்பம் வைப்பது அல்ல. நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் சேமக்காலைக்குப் போகும் தாய் எந்தப் பக்கத்துத் தாய் என்று ஆண்டவர் கேட்கப் போவதில்லை.

மன்னிச்சாச்சு எண்டா வழக்கு எதுக்கு? நீதி கேக்கிறது பழிவாங்கல்தானே?

இந்தப் பேச்சு எனக்குக் கோபம் தருகிறது, ஏனென்றால் பெரும்பாலும் பாதிக்கப்படாதவர்களின் வாயில் இருந்துதான் வருகிறது. 1981இல் தன்னைச் சுட்டவரைப் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் நான்கு நாளிலேயே மன்னித்தார். 1983இல் சிறைக்குப் போய் அருகில் இருந்து பேசினார். சுட்டவர் 2000ஆம் ஆண்டுவரை இத்தாலியச் சிறையில் இருந்தார். மன்னிப்பும் தண்டனையும் ஒன்றை ஒன்று அழிக்கவில்லை. நீதி இல்லாமல் அமைதி இல்லை, மன்னிப்பு இல்லாமல் நீதி இல்லை என்பதைத்தான் அதே பாப்பரசர் 2002இல் தனது உலக அமைதி நாள் செய்திக்குத் தலைப்பாக வைத்தார்.

திருமலையில் 2006 ஜனவரி 2 அன்று கடற்கரையில், காந்தி சிலைக்குப் பக்கத்தில் இருந்த ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். 2019 ஜூலையில் போதிய சாட்சியம் இல்லை என்று 13 சந்தேகநபர்கள் விடுவிக்கப்பட்டார்கள். 2006 ஆகஸ்ட் 4 அன்று மூதூரில் பிரெஞ்சு உதவி நிறுவனம் ஒன்றின் பணியாளர்கள் 17 பேர் தங்கள் அலுவலக வளவிலேயே சுடப்பட்டார்கள். சுனாமியில் அடிபட்ட மக்களுக்கு உதவ வேலைக்குச் சேர்ந்த இளம் ஆட்கள் அவர்கள். அதற்கும் யாரும் தண்டிக்கப்படவில்லை. இந்தக் குடும்பங்கள் உண்மையைக் கேட்பது பழிவாங்கல் அல்ல. தன் கையால் பதிலுக்குக் கொல்வதுதான் பழிவாங்கல். அதை அவர்கள் செய்யவில்லை.

மன்னிப்பே கேக்காதவனை நான் ஏன் மன்னிக்க வேணும்?

இரண்டு விஷயத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். பழிக்குப் பழி வேண்டாம், அவன் அழிந்து போக வேண்டும் என்று நினைக்கவும் மாட்டேன் என்று தீர்மானிப்பது உங்கள் கையில் மட்டும் இருக்கிறது. சிலுவையில் இருந்து இயேசு, யாரும் கேளாமலே அப்படிச் செய்தார். ஒப்புரவு அப்படி அல்ல, அதற்கு இரண்டு பேர் வேண்டும். அவன் மனம் வருந்தினால் மன்னியுங்கள் என்று லூக்கா 17இல் வருவது அந்த இரண்டாவதுக்குப் பொருந்தும். செய்ததை மறுத்துக்கொண்டு நிற்பவரோடு கட்டிப்பிடித்துப் படம் எடுத்தால் அது ஒப்புரவு ஆகாது.

என்ர மகனை 2008இல கொண்டு போனவங்கள். ஆர் எண்டே தெரியாது. நான் ஆரை மன்னிக்கிறது, சொல்லுங்கோ தம்பி.

அம்மா, இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. யார், என்ன செய்தார், பிள்ளை எங்கே என்று தெரியாத ஒன்றை மன்னிக்கச் சொல்லும் உரிமை எனக்கும் இல்லை, எந்தச் சுவாமிக்கும் இல்லை. மேலே சொன்ன முதல் தீர்மானத்தை மட்டும், ஏலுமான நாளில் ஏலுமான அளவு எடுங்கள். தேடுவதை நிறுத்தாதீர்கள். படத்தை நெஞ்சில் பிடித்துக்கொண்டு றோட்டில் நிற்பதும் செபம்தான்.

சபையையும் இந்த வலி தொட்டிருக்கிறது. அகதிகளுக்காக ஓடித் திரிந்த அமெரிக்க இயேசுசபைக் குரு யூஜின் ஹேபர்ட், 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையில் இருந்து மட்டக்களப்புக்குப் போகும் வழியில் கூட வந்த இளைஞரோடு காணாமல் போனார். 2009 மே 18 அன்று வட்டுவாகலில் சரணடைந்தவர்களோடு போன பிரான்சிஸ் யோசப் அடிகளாரும் திரும்பவில்லை.

எனக்கு மனசு ஆறேல்ல. மன்னிக்க வருதேயில்ல. நற்கருணை வாங்கலாமோ?

வாங்கலாம். காயத்தை உணராமல் இருப்பதும் மறப்பதும் எங்கள் சக்தியில் இல்லை என்று மறைக்கல்வி ஏடே சொல்கிறது (எண் 2843). ஆத்திரம் வருவது பாவம் அல்ல. ஒருவரைக் கெடுக்க மனதாரத் திட்டம் போட்டுக்கொண்டு பீடத்துக்கு வருவதுதான் தடை. "மன்னிக்க ஆசைப்படுகிறேன், ஏலாமல் இருக்கு" என்று சொல்ல முடிந்தால் வரிசையில் வந்து நில்லுங்கள்.

நான் சண்டையில ஆக்களைக் கொண்டிருக்கிறன். கடவுள் என்னை ஏற்பாரா?

ஏற்பார். 4ஆம் நூற்றாண்டில் புனித பசிலியார், போரில் கொன்றவர்களைக் கொலைகாரர் என்று எண்ணவில்லை. ஆனாலும் கை சுத்தம் இல்லை என்பதால் மூன்று வருடம் நற்கருணையில் இருந்து விலகியிருப்பது நல்லது என்றார். அந்தக் கால விதி இன்று இல்லை. இரவில் நித்திரை வராமல் எழும்பி இருக்கும் உங்களுக்கு, இதை ஒரு பாரமாகவே எடுத்த சபை ஒன்று இருந்தது என்று தெரிவது உதவும் என்பதற்காகச் சொன்னேன். சுவாமியிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்யுங்கள். நீங்கள் சொல்வதை அவர் ஆயருக்கோ பொலிசுக்கோ நீதிமன்றத்துக்கோ சொல்ல முடியாது. சொன்னால் சபையில் இருந்தே விலக்கப்படுவார்.

ஒரு ஆள் எங்கே தாக்கப்பட்டார், எங்கே புதைக்கப்பட்டார் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால், பாவப்பொறுத்தலோடு அந்த விஷயம் முடிந்துவிடாது. மேலே கேட்ட அம்மா அதற்காகத்தான் காத்திருக்கிறார். 2016 சட்டத்தின்படி அமைந்த காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்குத் தகவலை இரகசியமாகக் கொடுக்கலாம். அந்த அலுவலகத்தின் முடிவுகளை வைத்து யாருக்கும் குற்றவியல் பொறுப்பு வராது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. குடும்பங்கள் பல அந்த அலுவலகத்தை நம்பவில்லை, அதற்கு அவர்களிடம் காரணம் உண்டு. நீங்களும் நம்பாவிட்டால், நீங்கள் நம்பும் ஒரு குருவிடம் பாவசங்கீர்த்தனத்துக்கு வெளியே பேசி, குடும்பத்துக்கு எப்படிச் சேர்ப்பது என்று கேளுங்கள். ஊரின் பெயர், திகதி, பக்கத்தில் இருந்த கிணறோ மரமோ, நினைவில் இருப்பதை முதலில் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.